பிறக்க முன்னம் ஞானஸ்நானம்

மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன்
11 டிசெம்பர் 2023

என் செல்லத் தங்கச்சி, மாண்புமிகு எம்.பி. ஜெயனி அம்மையாருக்கு,

அக்கா யோசெப்பின் எழுதுகிறேன். மாதாவின் காவலில் நானும் உன் அத்தானும் மகள் பிரியந்தியும் சுகம். என் முழங்கால் மட்டும் படியேறும்போது முறைப்பாடு வைக்கிறது. உன் தலையிடி எப்படி? சமைத்துச் சாப்பிடுகிறாயா, இன்னும் பாணும் சீஸும்தானா?

போன் எடுக்காமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் அழுதால் உனக்குத் தெரிந்துவிடும், நீ அழுதால் எனக்குத் தெரிந்துவிடும். கடுதாசியில் இரண்டு பேரும் தப்பலாம்.

நீ டச்சுப் பாராளுமன்றத்துக்குள் போன நாளை பிரியந்தியின் கொம்பியூட்டரில் பார்த்தோம். நூற்றைம்பது பேர், ஒருவர் மாதிரியே மற்றவர். என்னால் உன்னைத்தான் முதலில் கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் நீ மட்டும்தான் கோவிலில் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். பிறகு உன் பெயரைக் கூப்பிட்டார்கள். உன் பெயரை எங்கே கூப்பிட்டார்கள்? "தேவதாசன்" என்றல்லவா கூப்பிட்டார்கள். உன் அத்தான் தேத்தண்ணீர்க் கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டார். பேசாலைக் கடற்கரையில் மேலுக்குச் சட்டை போடாமல் திரிந்த எங்கள் அப்பாவை வெள்ளைக்காரச் சபையில் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அவருக்கு இந்த ஊரில் ஒரு வாக்கும் இல்லை, ஆனால் பெயர் மட்டும் வென்றுவிட்டது.

கட்சிப் பட்டியலில் உன்னை இருபத்தேழாம் இடத்தில் போட்டார்களாமே. சனம் சிவப்புப் பென்சிலால் தேடித் தேடி உன் பெயருக்குப் புள்ளடி போட்டு மேலே கொண்டுவந்ததாக பிரியந்தி சொன்னாள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் இருந்தவளைக் கூப்பிட்டு முதல் பந்தியில் இருத்தின மாதிரி. கணக்குச் சிஸ்டரின் பிரம்புக்குப் பயந்து அஞ்சாம் வகுப்போடு ஓடின அக்காவுக்கு இப்படி ஒரு தங்கச்சி.

தொப்பி போடு. எம்.பி.மாருக்கும் தடிமன் வரும்.

உனக்கு வாக்குப் போட முடியாத,
அக்கா யோசெப்பின்


டென் ஹாக்
20 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. என் உதவியாளர் அதைப் பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். உள்ளே மிளகாய்த்தூள் மணந்ததாம். நான் சுகம். தலையிடி குறைவு. அத்தானுக்கும் பிரியந்திக்கும் என் அன்பு. முழங்காலுக்கு டொக்டரிடம் போனீர்களா, எண்ணெயோடு நிற்கிறீர்களா?

அடுத்த மாதம் சபையில் என் முதல் பேச்சு. இங்கே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒருவரின் முதல் பேச்சை யாரும் இடைமறிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசை கட்டி நின்று கேள்வி கேட்பார்கள். பிரேடா நகரசபையில் எட்டு வருஷம் வடிகாலும் சைக்கிள் பாதையும் பேசினவள் நான், ஆனாலும் பயமாக இருக்கிறது.

என் கதையைத்தான் சொல்லப் போகிறேன். 1997 பெப்ரவரியில், பதினேழு வயதில், ஒரு கம்பளிச் சட்டையோடு தனியாக வந்து இறங்கினது. சிறுமி என்பதால் ஒரு பாதுகாவலரைத் தந்து பள்ளிக்கூடம் அனுப்பினது. முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டு படித்தது.

கட்சி எனக்கு அகதிகள் விவகாரத்தைத் தந்திருக்கிறது. ஐப்பசி மாதம் ஒரு சட்டம் வருகிறது. வயதைப் பிழையாகச் சொல்லித் தங்கினவர்கள் பிறகு பிடிபட்டால், எத்தனை வருஷம் ஆனாலும், தங்கும் உரிமை போய்விடும். அதை எதிர்த்து எங்கள் பக்கத்தில் பேசப்போவது நான்தான். அந்த வயதில் வந்த ஒருத்தி சொன்னால் கேட்பார்கள் என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெயனி


மொன்றியல்
27 பெப்ரவரி 2024

பேச்சுப் புலி ஜெயனிக்கு,

இங்கே எல்லாரும் நலம், வெளியில் படிக்கட்டு முழுக்கப் பனிக்கட்டி. உன் அத்தான் உப்புப் போடுகிறேன் என்று போய், தானே இரண்டு படி இருந்தபடியே இறங்கினார். அடி ஒன்றும் இல்லை. வெட்கம்தான். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

உன் பேச்சைப் பார்த்தேன். பிரியந்தி கீழே ஓடுகிற எழுத்தை வாசித்து வாசித்துச் சொன்னாள். பத்து நிமிஷம் நீ கதைக்க ஒருவரும் குறுக்கே விழவில்லை. எங்கள் வீட்டில் உனக்கு அப்படி ஒரு பத்து நிமிஷம் கிடைத்ததே இல்லை. முடிய எல்லாரும் வரிசையில் வந்து கை கொடுத்துப் பூவும் தந்தார்கள். மறுநாள் டோர்வல் விமான நிலையத்தில் எங்கள் குசினியில் ஆம்ஸ்டர்டாம் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டம் அடுக்கும்போது, பக்கத்தில் நிற்கிற ஹெயிட்டிக்காரிக்கு உன் படத்தைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. "உன் தங்கச்சி எம்.பி. என்றால் நீ ஏன் கோழித்துண்டு எண்ணுகிறாய்?" என்று கேட்டாள். நான் எண்ணுவதால்தான் அவள் எம்.பி. என்றேன்.

ஒரு சின்ன விஷயம். அந்தப் பதினேழு வயதுக் கதையை அடிக்கடி சொல்ல வேண்டுமா? கம்பளிச் சட்டை, குளிர், பாஷை தெரியாத கஷ்டம், அதுவே போதாதா? சொல்கிறதையே சொன்னால் சனம் அலுத்துவிடும். அரசியல் தெரியாதவள் சொல்கிறேன்.

முருங்கையிலைத் தூள் அனுப்புகிறேன். அதையும் சோதிக்கட்டும்.

அக்கா


டென் ஹாக்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

நலமா? ஈஸ்டருக்கு முருங்கையிலைச் சொதி வைத்தேன், உங்கள் கை மணம் வரவில்லை.

அன்றைக்குத் தமிழ்ப் பூசை முடிய ஒருவர் வந்து கதைத்தார். பேசாலை அன்டன், வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியாரின் மகன். என்னைத் தூக்கி வைத்திருந்ததாகச் சொன்னார். தன் தங்கச்சியும் நானும் ஒரே நாளில், ஒரே சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றோமாம். அவரின் அம்மா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் வைத்திருந்தாவாம். தங்கச்சியின் சான்றிதழைப் போனில் எடுத்துக் காட்டினார். 1978 மார்ச் 26.

அக்கா, என் பிறப்புப் பதிவில் 1979 டிசெம்பர் மூன்று என்று இருக்கிறது.

அன்டன் அண்ணை பிழையாகச் சொல்கிறாரா? அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கோவில் பதிவேடு இடம்பெயர்வில் போய்விட்டது. கேட்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். அவர் சொல்வது சரியென்றால் நான் வந்து இறங்கியபோது எனக்குப் பதினெட்டுத் தாண்டிவிட்டது. சிறுமி இல்லை.

ஐப்பசிக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயனி


மொன்றியல்
14 மே 2024

பிறக்க முன்னமே ஞானஸ்நானம் பெற்ற புனிதவதிக்கு,

அக்காவின் ஆசீர். நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

அந்த அன்டனின் கதையை நம்புகிறாயே. அவர்கள் வீட்டில் ஒரு சூடை மீனைப் பிடித்தால் ஊருக்குள் வரமுன் அது சுறாவாகிவிடும். கடவுள் ஒருவருக்கும் தராத வரம் உனக்குத் தந்திருக்கிறார், முதலில் தண்ணீர் வார்த்துவிட்டுப் பிறகு படைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்.

இங்கே புதினம் நிறைய. கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் தக்காளி நட்டுவிட்டார். நட்டது கூடிப்போச்சு, இனி அணில்களோடு சண்டைக்கும் ஆயத்தம். உன் அத்தான் அவரிடம் பிரெஞ்சு பழகுகிறார், அவர் அத்தானிடம் தமிழ் பழகுகிறார், இரண்டு பேருக்கும் இப்போது ஒரு பாஷையும் வராது. பிரியந்தி லாசாலில் ஒரு கார்டறியில் பிள்ளைகள் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கே ஒரு குட்டிப்பயல் அவளை "மதாம் பிறியாணி" என்கிறானாம்.

தண்ணீர் குடி. நேரத்துக்குப் படு.

அக்கா


டென் ஹாக்
22 ஜூன் 2024

அக்கா,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் சிரித்தேன். நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.

என் பழைய கோப்பைக் கேட்டு எடுத்தேன். அதில் 1997 ஏப்ரலில் மொன்றியலிலிருந்து வந்த ஒரு தாள் இருக்கிறது. என் பாதுகாவலர் உங்களுக்கு அனுப்பிக் கேட்டது. "இவர் உங்கள் சகோதரியா? பிறந்த தேதி இதுதானா?" இரண்டுக்கும் ஆம் என்று புள்ளடி. கீழே உங்கள் கையெழுத்து, அந்தப் பெரிய "யோ" எனக்குத் தெரியாதா?

வக்கீலிடம் கேட்டேன். என் குடியுரிமைக்கு ஆபத்தில்லை, காலம் கடந்துவிட்டது. ஆனால் ஐப்பசியில் நான் அந்த மேடையில் ஏறிப் பதினேழு வயது என்று சொன்னால், அது உண்மையா என்று எனக்கே தெரியாமல் சொல்கிறேன். என்னால் அது முடியாது.

ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு வரி. பகிடி வேண்டாம்.

ஜெயனி


மொன்றியல்
3 செப்டெம்பர் 2024

அன்புள்ள ஜெயனிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நல்லாய் இருக்கிறாயா?

இரண்டு மாதமாக இந்தக் கடுதாசியை எழுதிக் கிழிக்கிறேன். உன் அத்தான் கிழித்த தாள்களைக் கூட்டி அள்ளுகிறார். நேற்றுப் புதுக் கொப்பி ஒன்று வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நீ பிறந்தது 1978 பெப்ரவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, விடியப் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம். அன்டன் சொன்னது சரி.

தேதி எனக்கு எப்படி இவ்வளவு நிச்சயம் என்று கேட்பாய். அன்றைக்கு எனக்கு அஞ்சாம் வகுப்பில் ஒரு சோதினை இருந்தது. புத்தகப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். உள்ளே அம்மா கத்தினா. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா உன்னைப் பெற்ற பாயிலிருந்து சரியாக எழும்பவே இல்லை, மூன்று வருஷத்தில் போய்விட்டா. அப்பா கடலில். உன்னை வைத்திருக்க என்னைவிட ஆள் இல்லை. கணக்குச் சிஸ்டரின் பிரம்பு என்று உனக்குச் சொன்னது நான் கட்டின கதை. அந்தச் சிஸ்டர் பாவம், இரண்டு தரம் வீட்டுக்கு வந்து என்னை அனுப்பச் சொல்லி அப்பாவைக் கெஞ்சினவ. உனக்கு இதைச் சொல்லியிருந்தால் நீ ஒவ்வொரு பரிசு வாங்கும்போதும் என் முகத்தைப் பார்ப்பாய். எனக்கு அது வேண்டாம்.

உன்னைப் பதிய ஒருவரும் நினைக்கவில்லை. நான் கையை விட்டு விடாததால் பள்ளிக்கூடத்துக்கும் பிந்திவிட்டாய். சேர்க்கிற நேரம் அப்பா பதிவுகாரரிடம் போனார். பிந்திப் பதிந்தால் ஏச்சு, முதலாம் வகுப்புக்கு வயதும் கூட. பிள்ளை சின்ன உருவம்தானே என்று இரண்டு வருஷத்தை இறக்கி, டிசெம்பர் மூன்று, சவேரியார் திருநாளைப் பிறந்தநாளாகச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். அப்பா அதைப் பொய் என்று நினைக்கவே இல்லை. நீயும் அதை நம்பித்தான் வளர்ந்தாய்.

ஆனால் நான் நினைத்தேன். 1997இல் அந்தத் தாள் வந்தபோது கோவிலில் ஒருவர் வாசித்துச் சொன்னார். பதினெட்டுக்குக் கீழே என்றால் பள்ளிக்கூடம், மேலே என்றால் முகாம், பிறகு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்றார். நான் யோசிக்கவே இல்லை. புள்ளடி போட்டேன். திரும்பவும் கேட்டால் திரும்பவும் போடுவேன்.

உனக்குத் தெரியாத வரைக்கும் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான். நீ சொன்னதெல்லாம் சுத்தம். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு பகிடி விட்டேன். இப்போது சொல்லிவிட்டேன், இனி உனக்கும் அது பாரம்.

மேடையில் உன்னைக் கேட்டால் என் பெயரைச் சொல். அக்காதான் செய்தா என்று சொல். இங்கே என்னை என்ன செய்வார்கள், கோழித்துண்டு எண்ண வேண்டாம் என்பார்களா?

யோசெப்பின்


டென் ஹாக்
29 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

நான் அதைப் பற்றி எழுத முயன்றேன். முடியவில்லை. புத்தகப்பையோடு வாசலில் நிற்கிற பிள்ளையைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை.

கட்சித் தலைவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஐப்பசி விவாதத்தை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்கிறார். எனக்குச் சுகமில்லை என்று அறிவிப்பார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வராது, அடுத்த தேர்தலில் பட்டியலில் நல்ல இடமும் உண்டு. பேசினால், கதிரையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டிவரும் என்கிறார்.

விவாதம் பதினேழாம் தேதி, வியாழன். உங்களுக்குக் காலை ஒன்பது மணி. நான் என்ன செய்தாலும் போன் எடுக்காதீர்கள். கடிதம் எழுதுங்கள்.

ஜெயனி


மொன்றியல்
18 ஒக்டோபர் 2024

எடி ஜெயனி,

சுகமா? எங்கள் வீட்டில் நேற்று ஒருவரும் வேலைக்குப் போகவில்லை, அதனால் சுகம்தான்.

ஒன்பது மணிக்கு மூன்று பேரும் கொம்பியூட்டருக்கு முன்னால். நீ ஏறினாய். சாம்பல் நிறச் சட்டை உனக்கு வடிவில்லை, அதைப் பேந்து கதைப்போம். கையில் தாள் இல்லை. நீ வாயைத் திறக்கமுன் உன் அத்தான் சிலுவை போட்டுவிட்டார்.

"இந்தச் சபையில் எனக்குப் பதினேழு வயது என்று சொல்லியிருக்கிறேன். அது பிழை. எனக்குப் பத்தொன்பது. போன மாதம்தான் தெரிந்தது."

பிரியந்தி அதை இரண்டு தரம் வாசித்துச் சொன்னாள். பிறகு நீ சொன்னாய், உன் அப்பா ஒரு மீன்பிடிகாரர், பிள்ளையைப் பிந்திப் பதிந்தார், இந்தச் சட்டம் அப்போது இருந்திருந்தால் உன்னைத் தேடி வந்திருக்கும், ஏன் வருகிறது என்றே உனக்கு விளங்கியிருக்காது என்று.

அப்போது அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பக்கத்திலிருந்து ஒரு நெட்டையன் ஒலிவாங்கிக்கு வந்தான். கோபக்காரன் மாதிரித் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயம். "அப்படியென்றால் யாருக்கோ உண்மை தெரிந்திருக்கிறது," என்று கேட்டான். "உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்தது யார்?"

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். சொல்லடி, சொல்லடி என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

நீ ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தாய். பிறகு, "என்னை வளர்த்தவர். பெயர் தர மாட்டேன். நான் இங்கேதான் நிற்கிறேன், கேட்பதை என்னிடம் கேளுங்கள்," என்றாய்.

ஏன் சொல்லவில்லை? அப்பாவின் பெயரைக் கிழமைக்குக் கிழமை அங்கே கூப்பிடுகிறார்கள். ஒரு நாளைக்கு என் பெயரும் கேட்டிருக்கும்தானே. அஞ்சாம் வகுப்பு யோசெப்பின் டச்சுப் பாராளுமன்றக் குறிப்பில் ஏறியிருப்பாள். கெடுத்துவிட்டாய்.

கதிரை போகுமா? போனால் நேரே இங்கே வா. எங்கள் குசினியில் ஆள் எடுக்கிறார்கள்.

அக்கா


டென் ஹாக்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நான் நலம். இரண்டு கிழமை பத்திரிகைக்காரர் வாசலில் நின்றார்கள், இப்போது இல்லை. முழங்காலுக்கு இனியாவது டொக்டரைப் பாருங்கள்.

சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் நான் கொண்டுவந்த திருத்தம் அதற்குள் போயிருக்கிறது, மூன்று வாக்கு வித்தியாசத்தில். பிழையான தேதியை உண்மை என்று நம்பி வந்தவர்களை இனித் தொட முடியாது. உங்கள் நெட்டையன் திருத்தத்தை எதிர்த்துத்தான் வாக்களித்தார். பிறகு நடைபாதையில் என்னை நிறுத்தி, தன் பாட்டனுக்கும் இரண்டு பிறந்தநாள் இருந்ததாகச் சொன்னார், போர்க்காலத்தில்.

அகதிகள் விவகாரத்தைக் கட்சி என்னிடமிருந்து எடுத்துவிட்டது. கதிரையையும் கேட்டார்கள். இந்த நாட்டில் கதிரை கட்சிக்குச் சொந்தமில்லை, இருக்கிறவருக்குத்தான். என் பெயரைத் தேடிப் பென்சில் பிடித்தவர்கள் கேட்டால் தருகிறேன் என்றேன். அடுத்த பட்டியலில் நான் இருக்க மாட்டேன். அதுவரை இருக்கிறேன். வடிகாலைப் பற்றிப் பேச எனக்கு நன்றாக வரும்.

என் பிறந்த தேதியைத் திருத்த நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். பிறந்தபோது அங்கே இருந்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டு, நேரில் வந்தும் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் 1997இல் எழுதியது பொய் என்று உங்கள் கையாலேயே ஒத்துக்கொள்வதாக ஆகும். வக்கீல் பயமில்லை என்கிறார். ஆனாலும் நான் கேட்க மாட்டேன். தாளை மட்டும் உள்ளே வைத்திருக்கிறேன். வெறுமையாகத் திருப்பி அனுப்பினாலும் எனக்குக் கோபமில்லை.

உங்கள்
ஜெயனி


மொன்றியல்
6 டிசெம்பர் 2024

என் ஒரே தங்கச்சிக்கு,

மூவரும் சுகம். முழங்காலுக்கு ஊசி போட்டாயிற்று, இனி நீ என்னை எண்ணெய்க்காரி என்று சொல்ல முடியாது.

கேட்க மாட்டாளாம், தாளை மட்டும் வைத்திருக்கிறாளாம். நல்ல அரசியல்வாதிதான் நீ.

பெப்ரவரி ஐந்தாம் தேதிக்கு ரிக்கெட் எடுத்துவிட்டார் உன் அத்தான். எங்கள் விமானத்துத் தட்டத்தை நானே அடுக்குவேன், அதனால் கோழி நல்லாய் இருக்கும். ஒன்பதாம் தேதி உனக்கு நாற்பத்தேழு. மெழுகுதிரியைக் குறைக்கலாம் என்று நினைக்காதே.

தாளை நிரப்பிவிட்டேன். பெயர், வயது, வேலை, படிப்பு. படிப்பு என்ற இடத்தில் "அஞ்சாம் வகுப்பு, பெப்ரவரி வரை" என்று எழுதினேன். 1997இல் எழுதியது பொய், தெரிந்துதான் எழுதினேன் என்றும் எழுதினேன்.

கடைசிக் கேள்வியில்தான் ஒரு பின்னேரம் போயிற்று. "இந்தத் தேதி உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு இரண்டு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறார்கள். பிரியந்தி பிரெஞ்சில் ஒரு பக்கம் யோசித்து வைத்திருந்தாள். நான் தமிழிலேயே எழுதினேன், மொழிபெயர்க்க அங்கே ஆள் இருப்பார்தானே:

"மருத்துவிச்சி பிள்ளையைத் துடைத்து என் கையில்தான் தந்தாள். நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை."

இரண்டாவது வசனத்தை வெட்டச் சொல்கிறாள் பிரியந்தி, கோர்ட்டில் சிரிப்பார்களாம். சிரிக்கட்டும். வெட்டவில்லை.

வாறன்,
யோசெப்பின் தேவதாசன்